கலியமூர்த்தி கோவிந்தராஜ், கோவிந்தராஜ் கலியமூர்த்தி

சென்ட்ரிஃப்யூஜ் ஓடும்போது என்னை ஒன்றும் செய்வதில்லை. நிற்கும்போதுதான். ரத்த ட்யூபுகளைச் சுழற்றி விசிலடித்துக்கொண்டிருந்த மெஷின் வேகம் குறைந்து, குரல் இறங்கி, முனகலாகி, கடைசியில் மூடிக்குள் யாரோ மூச்சை விட்டதுபோல் அடங்கும். அந்த அரை நிமிஷம் நான் தஞ்சாவூரில், இப்போது வேலை பார்க்கும் ரத்த வங்கியில் இருப்பதில்லை. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் ட்யூபோடு நிற்கிறேன். போனில் ஒரு பெண் கேட்கிறாள்: "சேம் பெர்சன், சார்?"

லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் என்னைத் தேடி வந்து நிறையக் கேட்கிறார்கள். லைசென்ஸ் பரீட்சை கஷ்டமா, ரூம் கொடுப்பார்களா, குளிர் தாங்குமா, ஏஜென்சிக்காரனை நம்பலாமா. பெயரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெயர் நம்மோடு பிறந்தது, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

1. இனிஷியல்

நான் அ. சவரிமுத்து. திருக்காட்டுப்பள்ளிக்காரன். அந்த 'அ' என் அப்பா அந்தோணிசாமி. குடமுருட்டிப் பாசனத்தில் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, அதில் என்னைப் படிக்க வைத்தவர்.

நம் ஊரில் அப்பா என்பவர் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. ரேஷன் கார்டிலும் மார்க் ஷீட்டிலும் பிள்ளையின் பெயருக்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பவர்போல் நின்றுகொள்வார். பாஸ்போர்ட்டில் அது செல்லாது. சர்நேம் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்குச் சர்நேம் கிடையாது. "காலியா விட்டா விசா அடிக்க மாட்டான் சார், அப்பா பேரை விரிச்சுப் போட்டுருவோம்" என்றார் திருச்சி ஏஜென்சிக்காரர். போட்டார்.

சர்டிஃபிகேட்டில் சவரிமுத்து ஏ. பாஸ்போர்ட்டில் சவரிமுத்து அந்தோணிசாமி. வேலைக் கடிதத்தில் யாரோ ஒழுங்குபடுத்துவதாக நினைத்து அந்தோணிசாமி சவரிமுத்து. மூன்று பேர் கிளம்பினோம், விசா ஒருவனுக்கு. சர்டிஃபிகேட்டுகளைச் சரிபார்க்கிறவர்கள் பத்து மாதம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தானா? அந்தப் பத்து மாதத்தில் முதலில் கிடைத்த வேலை கை நழுவிப் போயிற்று.

அஃபிடவிட் எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏன்ப்பா, நீ ஒரு ஆளா, மூணு ஆளா?"

"ஒரு ஆள்தாங்க."

"நான் நம்புறேன்ப்பா. கண்ணால பாக்குறேன்ல. பேப்பரு நம்பணுமே."

அந்த அஃபிடவிட்டில் ஓர் ஆங்கில வாசகம் வரும்: ஒன் அண்ட் தி சேம் பெர்சன். ஜெபம் மாதிரி எனக்கு அது மனப்பாடம். பேருந்தில் சொல்லிக்கொண்டே போவேன். முன்னால் எழுதினாலும் பின்னால் எழுதினாலும் ஆள் ஒருவன்தான், அது நான்தான்.

மஸ்கட்டில் இறங்கிய முதல் நாள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். அதில் அந்தோணிசாமி என்று மட்டும் இருந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க எனக்கு அதுதான் பெயர். என் வாயால் ஒருநாளும் நான் சொல்லிக் கூப்பிட்டிராத பெயர். முதல் ஒரு வாரம், யாராவது "அந்தோணிசாமி!" என்று சத்தம் போட்டால், இவர் இங்கே எதற்கு வந்தார் என்று ஒரு கணம் வாசலைப் பார்ப்பேன்.

2. சேம் பெர்சன்

ரத்த வங்கி தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. என் தலைவர் குரியன் சார், கோட்டயத்துக்காரர். இருபது வருஷமாக வளைகுடாவில் இருப்பவர். தமிழ்நாட்டில் படித்ததால் தமிழ் வரும், ஆனால் கோபம் வந்தால் பாதி வழியில் மலையாளத்துக்கு இறங்கிவிடுவார். என்னைச் சேர்த்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்:

"எடோ அந்தோணி, இங்கே கெமிஸ்ட்ரி கிடையாது, பயாலஜி கிடையாது. இங்கே பேரு. பேரு தப்பினா ஆள் போச்சு."

ரத்த வங்கி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அந்த ட்யூபில் பெயரும் ஃபைல் நம்பரும் ஒட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். அதுதான் சாம்பிள். நாங்கள் குரூப் பார்த்து, எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் பைகளில் ஒன்றோடு சேர்த்துப் பொருந்துகிறதா என்று பார்ப்போம். அது கிராஸ்மேட்ச். பொருந்தினால் அந்தப் பையில் அதே பெயர், அதே நம்பர். மேலே வார்டில் பையின் நம்பரையும் நோயாளியின் கைப்பட்டை நம்பரையும் இரண்டு பேர் சேர்ந்து ஒப்பிட்டுவிட்டு ஏற்றுவார்கள். நான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கு மனிதர்கள் என்றால் கட்டைவிரல் நீள ட்யூப், அதன்மேல் இரண்டு வார்த்தை.

ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் ஏற்றிப் போன கம்பெனி வேன் ஒன்றில் தண்ணீர் டேங்கர் மோதிவிட்டது. அடிபட்டவர்களைக் கிடைத்த ஆம்புலன்ஸ்களில் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். எங்களிடம் முதலில் வந்தவருக்கு நினைவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சட்டைப் பையில் அடையாள அட்டை இருந்தது. கலியமூர்த்தி கோவிந்தராஜ், வயது ஐம்பத்திரண்டு. சாம்பிள் கீழே வந்தது. பி பாசிட்டிவ். அவசரம் என்றார்கள். நான்கு பைகளை எடுத்து கிராஸ்மேட்ச் போட்டேன்.

ட்யூபுகளைச் சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றவிட்டு, அது நிற்கக் காத்திருக்கும்போது போன் அடித்தது. ரெஜிஸ்ட்ரேஷனில் இருந்த ஜோய். ஃபிலிப்பைன்ஸ் பெண், வேலைக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆம்புலன்சிலிருந்து ஒரு பெயர் வந்திருக்கிறது, அட்டை இல்லை, கம்பெனி ஆள் போனில் எழுத்துக் கூட்டிச் சொன்னார் என்றாள். கோவிந்தராஜ் கலியமூர்த்தி. ஏற்கெனவே ஒரு கலியமூர்த்தி கோவிந்தராஜ் ஃபைலில் இருக்கிறார். அதே கம்பெனி, அதே நாடு. கம்பெனிக்காரர்கள் ஒரே ஆளை இரண்டு தடவை சொல்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். அந்த வேளையில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே தமிழன் நான். அதனால் என்னைக் கேட்டாள்.

"சேம் பெர்சன், சார்? ஆர் டூ பெர்சன்ஸ்?"

இந்தக் கேள்விக்குப் பத்து மாதம் பதில் எழுதியவன் நான். எனக்குள் சிரிப்புக்கூட வந்தது. இந்த நாட்டிலும் ஒரு பாவப்பட்டவனை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டு இரண்டு ஆளாக்குகிறார்கள் என்று நினைத்தேன். வயது என்ன, ஆள் எங்கே, நீ பார்த்தாயா என்று எதுவும் கேட்கவில்லை. சென்ட்ரிஃப்யூஜ் குரல் இறங்கிக்கொண்டிருந்தது. "சேம் பெர்சன்" என்றேன். "எங்க ஆட்களுக்கு எப்பவுமே இப்படித்தாம்மா ஆகும்" என்று ஆங்கிலத்தில் ஒரு விளக்கமும் கொடுத்தேன்.

அவள் நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது ஃபைலை முதல் ஃபைலோடு சேர்த்துவிட்டாள்.

நான்கு பைகளும் பொருந்தின. இரண்டைத் தியேட்டருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் எமர்ஜென்சியிலிருந்து சீட்டோடு ஆள் வந்தான். அதே பெயர், அதே ஃபைல் நம்பர், ஒரு பை வேண்டும். தியேட்டரில் கிடப்பவருக்கு எமர்ஜென்சியில் எதற்கு ரத்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டில் இருந்ததும் பையில் இருந்ததும் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டு என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

3. பூதலூர்ப் பக்கம் ஒரு போன்

அந்த முதல் சாம்பிளில் இன்னொரு பரிசோதனையில் லேசாக ஒரு கோளாறு தெரிந்தது. முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அப்படி வரும். குரியன் சார் ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல சோதிச்சு நோக்கு, முன்னாடி ஏத்தியிருக்கான்னு கேளு. ஊர்க்காரன்தானே நீ" என்றார். கம்பெனி ஆளிடம் வீட்டு நம்பர் வாங்கினேன். பூதலூர்ப் பக்கம். என் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் மோட்டார் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"அம்மா, நான் மஸ்கட் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன். திருக்காட்டுப்பள்ளிக்காரன்தான். பயப்படாதீங்க."

மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரையோ கூப்பிட்டாள். சத்தம் நின்றது.

"சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரருக்கு ஒரு அடி பட்டிருக்கு. டாக்டருங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு ஒரு விவரம் மட்டும் வேணும்மா. முன்னாடி அவருக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

சொன்னாள். குரல் உடையவில்லை. "ஏத்தியிருக்குங்க. குடல்புண்ணுன்னு தஞ்சாவூர்ல சேத்தோம். ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க. அடி பெருசாங்க?"

"பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. இன்னொண்ணு. அவர் சொந்தப் பேரு எது? கலியமூர்த்தியா, கோவிந்தராஜா? இங்க மாத்தி மாத்தி எழுதியிருக்காங்க."

பதில் இல்லை.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. மொதல்ல சொன்னீங்கள்ல. அது."

"கலியமூர்த்தி?"

"ம்."

"அப்ப கோவிந்தராஜுங்கறது அவங்க அப்பாவா?"

"ஆமாங்க, மாமனாரு." அவள் தயங்கினாள். இந்த நேரத்தில் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம் குரலில் இருந்தது. "அவங்க பேரை நான் சொல்றதில்லைங்க. எங்க வழக்கம் அப்படி. அதனாலதான் பெரியவனைக்கூட நான் தம்பின்னே கூப்புட்டுப் பழகிட்டேன்."

"பெரியவனையா? எதுக்கு?"

"அவனுக்கு அவங்க தாத்தா பேருதானேங்க வச்சிருக்கு."

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எனக்குத் தெரியாத வழக்கமா? என் அண்ணன் மகன் பெயர் அந்தோணி. தாத்தா கோவிந்தராஜ், அவர் மகன் கலியமூர்த்தி, அவர் மகன் கோவிந்தராஜ். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துப் போட்டால் தகப்பன் கலியமூர்த்தி கோவிந்தராஜ், மகன் கோவிந்தராஜ் கலியமூர்த்தி. இது தெரிந்த ஒருவன் வேண்டும் என்றுதான் ஜோய் எனக்கு போன் செய்தாள்.

கேட்டேன்: "பெரியவன் எங்கம்மா இருக்கான்?"

"அங்கதாங்க. டிப்ளமா முடிச்சுட்டு சைட் எஞ்சினியர் வேலைக்குப் போயிருக்கான், ரெண்டு மாசமாகுது. அவங்க அப்பா கம்பெனியிலேயேதான். ஒரே வண்டியிலதான் ரெண்டு பேரும் போவாங்க." பிறகு, மெதுவாக: "ஏங்க, அவன் உங்ககிட்ட இல்லையா?"

4. நான்காம் கட்டில்

போனை அப்படியே மேஜையில் வைத்தேன். "சார், ரெண்டு பேரு! எமர்ஜென்சிக்குப் போன பையை நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன். குரியன் சார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கை போனுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிகளில் ஏறும்போது எனக்குள் ஓடிய ஒரே கணக்கு: பை போய் எத்தனை நிமிஷம்? நர்ஸ் எத்தனை நிமிஷத்தில் மாட்டுவாள்? இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பார்களே என்று ஒரு நம்பிக்கை எழுந்தது, எழுந்த இடத்திலேயே செத்தது. பையிலும் கைப்பட்டையிலும் ஒரே நம்பர். சரிபார்த்தால் சரியாகத்தான் இருக்கும். குரியன் சாரை விட்டால் அந்தக் கட்டடத்தில் அந்தத் தப்பு தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், நான் படியில் இருந்தேன்.

எமர்ஜென்சியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. எல்லாரும் விபத்துக்காரர்களோடு இருந்தார்கள்.

நான்காம் கட்டில். திரையை விலக்கினேன். பை மாட்டியிருந்தது. சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கட்டிலில் இருந்தவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தொடையில் கட்டு, கட்டு முழுக்க ரத்தம். கையில் கட்டியிருந்த பட்டையில் வயது ஐம்பத்திரண்டு. அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "குளிருது, குளிருது" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். நர்ஸ் இன்னொரு போர்வை கொண்டுவரத் திரும்பியிருந்தாள். அடிபட்ட அதிர்ச்சியில் நடுங்குகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

பையிலிருந்து இறங்கிய ட்யூபில் சொட்டை நிறுத்தும் உருளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். "ராங் பிளட்" என்றேன். நர்ஸ் போர்வையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

பிறகு எல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். டாக்டர் வந்தார். ட்யூபை மாற்றினார்கள். புது சாம்பிளை நானே நின்று வாங்கிக்கொண்டு கீழே ஓடினேன். ஓ பாசிட்டிவ். ஓ உடம்பில் பி ரத்தம் போனால் என்னவாகும் என்று முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. உள்ளே போன ரத்தம் உடைந்து, சிறுநீரகத்தை அடைத்து, முழுப் பையும் போயிருந்தால் ஆள் மிஞ்ச மாட்டான். பையை எடைபோட்டுப் பார்த்தோம். காபி டம்ளரில் கால் பாகம் அளவுக்குப் போயிருந்தது.

குரியன் சார் ஓ பாசிட்டிவ் பைகளை எடுத்து வைத்திருந்தார். "ஏத்தினது கொஞ்சம்தான். நீ ஓடியது நன்னாயி" என்றார். பிறகு மேஜையைக் காட்டினார். என் போன் அங்கேயே கிடந்தது. அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அவ்வளவு நேரமும் எதிர்முனையில் இருந்திருக்கிறாள், எங்கள் மெஷின்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

எடுத்தேன்.

"ரெண்டு பேரும் இருக்காங்கம்மா" என்றேன்.

"தனித்தனியாச் சொல்லுங்க."

சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் இருக்கார். ஆபரேஷன் நடக்குது." நிறுத்தினேன். "உங்க பையன் இருக்கான். நான் இப்பதான் பாத்துட்டு வந்தேன். பேசினான்."

"என்னா பேசுனான்?"

"குளிருதுன்னான்."

"அவனுக்குக் குளிரே தாங்காதுங்க. போர்த்திவிடச் சொல்லுங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

5. எழுதிக் கொடுத்தது

தகப்பனுக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் கண் விழித்தார். மகனுக்கு அன்று சாயங்காலமே சிறுநீர் கறுப்பாக வந்தது. மறுநாள் வரவே இல்லை. டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவன் ரிப்போர்ட் எங்கள் லேபுக்குத்தான் வரும். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் நம்பர் ஏறிக்கொண்டே போனது. நான் அந்த நாட்களில் ஜெபிக்கவில்லை. ஜெபம் மாதிரி எனக்குத் தெரிந்திருந்த ஒரே வாசகத்தை வாயில் எடுக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் நம்பர் முதல் முறையாகக் கீழே இறங்கியது. குரியன் சார் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

நடந்ததை விசாரித்தார்கள். ஃபைலைச் சேர்த்தது ஜோய் என்று கம்ப்யூட்டரில் இருந்தது. லேபில் கேட்டுத்தான் செய்தேன் என்று அவள் சொன்னாள். லேபில் யாரை என்று கேட்டபோது அழுதாளே தவிரப் பேர் சொல்லவில்லை. என் பேட்ஜில் இருந்ததுகூட அவளுக்குச் சரியாகச் சொல்ல வராத ஒரு பெயர்.

நான் எழுத உட்கார்ந்தேன். குரியன் சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எடோ, நீ சொன்னது போன்ல. அதுக்குத் தெளிவு, சாட்சி இல்லா. அவ செய்தது மெஷின்ல. இதை நீ எழுதினா காண்ட்ராக்ட் புதுக்க மாட்டாங்க. அறியாமோ?"

"தெரியும் சார்."

"பின்னே எந்தினு, எதுக்கு எழுதணும்?"

"தனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு சார். அதனாலதான் கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியல."

அவர் என் கையிலிருந்து தாளை வாங்கிப் படித்தார். பாக்கெட்டிலிருந்து பேனா எடுத்து என் ஆங்கிலத்தில் இரண்டு பிழைகளைத் திருத்தினார். அதைத் திரும்பவும் எழுதினேன், சுத்தமாக. கையெழுத்துப் போடும் இடத்தில் பேட்ஜில் இருந்த பெயரைப் போடவில்லை. சவரிமுத்து என்று தமிழில் போட்டேன். அப்பாவை இதில் இழுக்க எனக்கு மனமில்லை.

ஜோய்க்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. இரண்டு மாதத்தில் முடியவிருந்த என் காண்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. அது சரிதான் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்நிய நாட்டில் வேலை பார்க்கிறவனை அவன் ஊர்க்காரர்களைப் பற்றியெல்லாம் கேட்பார்கள். உங்கள் ஆட்கள் இதைச் சாப்பிடுவார்களா, உங்கள் ஆட்கள் ஏன் இப்படித் தலையாட்டுகிறார்கள், இந்தப் பெயரில் எது முதல். கேட்கும்போது ஒரு பெருமை வரும். ஒரு முழு ஜில்லாவும் நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கு நடந்தது எல்லாருக்கும் நடந்ததாகத் தோன்றும். அந்தப் பெருமையோடு நான் சொன்னது இரண்டே வார்த்தை. ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்களை அது ஒருவனாக்கியது.

6. கடைசி நாள்

தகப்பன் முன்னாலேயே ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தார். மகனுக்குத் தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். வாக்கர் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். கிளம்புகிற அன்று காலை எலும்பு வார்டுக்குப் போனேன். அதற்கு முன்பு பல தடவை போயிருக்கிறேன். மோர் மிளகாய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஊர்க்கார அண்ணன் என்று அவன் என்னிடம் பிரியமாக இருந்தான். ஒரு தடவையும் சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"வாங்கண்ணே. இன்னிக்கா ஃப்ளைட்டு?"

"ஆமா. உக்காரு, ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். போனில் வந்த கேள்வி, நான் சொன்ன பதில், ஃபைல், பை, என் கையெழுத்து. எதையும் குறைக்கவில்லை. உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்பதையும் சொன்னேன். அவன் வாக்கரின் ரப்பர் கைப்பிடியை நகத்தால் கீறிக்கொண்டே கேட்டான்.

"அந்த ரத்தம் அப்பாவுக்குன்னு எடுத்து வச்சதா?"

"ஆமா."

"அப்ப அவருக்குக் கொறஞ்சு போச்சா?"

"இல்லப்பா. அவருக்கு வேற இருந்துச்சு. குடுத்தோம்."

தலையசைத்தான். மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை நான் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன், அவை அந்த அறைக்குச் சின்னதாக இருந்தன. கேட்டேன். அவன் கைப்பிடியைக் கீறிக்கொண்டே இருந்தான். கீழே வண்டி வந்து நிற்பதாக எனக்கு போன் வந்தது. எழுந்து, கதவு வரை போனேன்.

"சார்."

அதுவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். திரும்பினேன்.

"என்னைக் கேட்டிருக்கலாம் சார். நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த சிஸ்டர் வந்து 'கலியமூர்த்தி?'ன்னாங்க. அப்பாவைப் பத்தி ஏதோ சொல்ல வர்றாங்கன்னு நெனச்சு, ஆமா ஆமான்னு தலைய ஆட்டுனேன். உன் பேரு என்னன்னு யாருமே கேக்கல."